எம்டார்

எம்டார் மனிதச் செல்களில் உள்ள ஒரு கைனேஸ் நொதி. ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து, பிற புரதங்களின் செரின், திரியோனின் அமினோ அமிலங்களில் சேர்ப்பது இதன் வேலை. 2,549 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய புரதம் இது. இதன் மரபணு 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

பெரும்பாலான நொதிகளுக்கு மாறாக, இங்கே மருந்து முந்திக்கொண்டது. 1964இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடிய மருத்துவக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா சுரந்த பொருளை மான்ட்ரியலின் அயர்ஸ்ட் ஆய்வகத்தில் சுரேந்திரநாத் சேகல் குழுவினர் பிரித்தெடுத்து, தீவின் உள்ளூர்ப் பெயரான ராபா நூயியை ஒட்டி ராபமைசின் என்றனர். பூஞ்சைக்கொல்லியாகத் தேடியது, நோயெதிர்ப்பை அடக்குவதாகத் தெரிந்தது. அது எதைத் தாக்குகிறது என்பது 1991இல்தான் புலப்பட்டது: சுவிட்சர்லாந்தின் பாசெலில் ஹைட்மன், மோவா, ஹால் ஆகியோர் ஈஸ்டில் அதன் இலக்கைக் கண்டனர். பாலூட்டிகளில் அதற்கு இணையான நொதியான எம்டாரை 1994 வாக்கில் பல ஆய்வகங்கள் தனித்தனியே அடையாளம் கண்டன.

எம்டார் இரு புரதக் கூட்டமைவுகளில் இயங்குகிறது. ராப்டர் புரதம் சேர்ந்த முதலாவது, செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் மேற்பரப்பில் அமர்ந்து செல்லின் சத்து இருப்பைக் கவனிக்கிறது. லூசின் போன்ற அமினோ அமிலங்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். இன்சுலின் போன்ற வளர்ச்சிச் சமிக்ஞையும் வர வேண்டும். இரண்டும் கூடினால்தான் இந்தக் கூட்டமைவு முழு வேகத்தில் முடுக்கிவிடப்படும். அப்போது புரத உற்பத்தி பெருகும்; செல் தன் பழைய பாகங்களையே செரிக்கும் தன்னுண்ணல் அடங்கும். பட்டினியில் இது தலைகீழாகும். ரிக்டர் சேர்ந்த இரண்டாவது கூட்டமைவு ஏகேடி என்னும் மற்றொரு கைனேஸைத் தூண்டுகிறது.

ராபமைசின் நொதியின் வினைமையத்தை நேரடியாக அடைப்பதில்லை. செல்லில் உள்ள சிறு புரதம் ஒன்றுடன் சேர்ந்து, மையத்தின் அருகே ஒட்டிக்கொண்டு முதல் கூட்டமைவைத் தடுக்கிறது. இரண்டாவது எளிதில் மசிவதில்லை. புற்றுநோயில் ராபமைசின் வகை மருந்துகள் எதிர்பார்த்த அளவு பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

1999இல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு ராபமைசின் அனுமதி பெற்றது. எம்டாருக்குக் கடிவாளமிடும் டிஎஸ்சி மரபணுக்கள் பழுதானால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் பரம்பரை நோய் வந்து, உறுப்புகளில் கட்டிகள் வளரும். அதற்கு ராபமைசினின் உறவு மருந்தான எவரோலிமஸ் பயன்படுகிறது. 2009இல் வெளியான ஆய்வில், முதிர்ந்த வயதில் ராபமைசின் கொடுக்கத் தொடங்கிய எலிகளும் கூடுதல் காலம் வாழ்ந்தன. அதை நம்பி ஆயுளை நீட்டிக்க அம்மருந்தை விழுங்குவோரும் இருக்கிறார்கள். மனிதரில் அப்பலன் நிறுவப்படவில்லை; வாய்ப்புண், இரத்தக் கொழுப்பு உயர்வு, தொற்று ஆகிய பக்க விளைவுகளோ நிறுவப்பட்டவை.