காடு கற்பித்த பாடம்

எழுவான்கரையில், குருக்கள்மடத்தில் வளர்ந்த எனக்குத் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ மழைக்காடு வெறும் பாடநூற்பெயர். ஒட்டுப்பலகைக்காக அங்கு மரம் வெட்டுவது 1977இல் நின்றது. 1988இல் அது உலக மரபுரிமையாயிற்று. 1993இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி, நிமால் குணதிலக்க தம்பதியர் அங்கு 25 ஹெக்டேயர் ஆய்வுநிலம் அமைத்தனர். ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்றுமுதல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மரங்கள் அளந்து இலக்கமிடப்பட்டன. அளவுநாடாவும் குறிப்பேடுமாக அக்காட்டிலே பயின்று ஆய்வாளரான மாணவர் பலர்.

அதற்கு மூன்றாண்டு முன்னர், 1990இல், எங்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் அகதிமுகாமாகியிருந்தது. மரங்களை எண்ண வேண்டிய வயதில் எம் பிள்ளைகள் சோதனைச்சாவடிகளை எண்ணினார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. வாவிக்கரைக் கண்டல்களும் அளவுநாடாவுக்குக் காத்திருக்கின்றன. அந்நாடாவைப் பிடிக்கும் கை இவ்வூர்ப் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.