கையை எடுத்தாலும் திசை மாறாத பாய்மரப் படகு: வீல் ஆட்டோபைலட் எப்படிப் பொருத்தப்படுகிறது? ஆபத்து எங்கே?

நடுக்கடல். படகில் இருப்பது இரண்டே பேர். பயணமோ கிட்டத்தட்ட எட்டு மாதம். அப்படின்னா 24 மணி நேரமும் ஸ்டியரிங்கைப் பிடிப்பது யார்?

இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் ரூபா அழகிரிசாமி, தில்னா ஆகியோரின் உலகப் பயணத்தைப் பற்றிக் கேட்டதும் முதலில் எழும் கேள்வி இதுதான். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் இருந்து ஐ.என்.எஸ்.வி தாரிணி பாய்மரப் படகில் கிளம்பினார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ம் தேதி திரும்பினார்கள். கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கும் மேல்.

இப்படி ஒருவரோ இருவரோ மட்டும் நீண்ட தூரம் போகும் படகுகளில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாலுமி இருப்பார். பசிக்காது, தூங்காது, அலுக்காது. அதன் பெயர் ஆட்டோபைலட். தாரிணி போன்ற பெரிய படகுகளுக்கு வலுவான வகைகள் வேண்டும். ஆனால் 30 அடி, 35 அடி நீளமுள்ள சிறிய பாய்மரப் படகுகளில் உரிமையாளர்களே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. அதுதான் வீல் ஆட்டோபைலட். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பொருத்துவது, எதை அதை நம்பி விடக்கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் தேவைப்படுகிறது?

காரை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். கடலில் படகை அப்படி நிறுத்த முடியாது. காற்றும் அலையும் ஒவ்வொரு நொடியும் படகின் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சக்கரத்தை விட்டுவிட்டால் சில நொடிகளில் படகு தன் போக்கில் திரும்பிவிடும்.

தனியாகப் போகும் ஒருவர் பாயைச் சுருக்க வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும், சமைக்க வேண்டும், கழிவறைக்கும் போக வேண்டும். இதற்கெல்லாம் சக்கரத்தை விட்டு நகர்ந்துதானே ஆகணும்? மணிக்கணக்கில் கையால் ஓட்டினால் வரும் சோர்வு தனி ஆபத்து. சோர்ந்து போனவர் தவறான முடிவு எடுப்பார்.

எப்படி வேலை செய்கிறது?

வீல் ஆட்டோபைலட்டில் நான்கு பாகங்கள் உண்டு.

- சென்சார்: படகு எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எப்படிச் சாய்கிறது என்பதை உணரும் மின்னணு திசைகாட்டி.
- கணினிப் பெட்டி: எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும்.
- மோட்டார் வளையம்: ஸ்டியரிங் சக்கரத்தின் மீதே பொருந்தும் வட்டப் பகுதி. உள்ளே இருக்கும் மோட்டார், பெல்ட் மூலம் சக்கரத்தைத் திருப்பும்.
- கட்டுப்பாட்டுத் திரை: 'ஆட்டோ', 'ஸ்டாண்ட்பை' பட்டன்கள் இருக்கும் பகுதி. ஸ்டாண்ட்பை அழுத்தினால் இயந்திரம் தன் வேலையை நிறுத்திவிடும்.

இதன் கணக்கு சுவாரஸ்யமானது. ரஷ்யாவில் பிறந்த பொறியாளர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பல்களைத் தானாக ஓட்டுவது பற்றி 1922-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கை தேர்ந்த மாலுமிகள் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதே அவருக்கு அடிப்படை. நல்ல மாலுமி மூன்று விஷயங்களைக் கவனிப்பார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு வேகமாக விலகுகிறது? கொஞ்ச நேரமாகவே ஒரே பக்கம் இழுக்கிறதா? இந்த மூன்றையும் மினோர்ஸ்கி கணிதமாக மாற்றினார். அமெரிக்காவின் யு.எஸ்.எஸ் நியூ மெக்சிகோ போர்க்கப்பலில் சோதனையும் நடந்தது. இன்றைய ஆட்டோபைலட்டுகளுக்கு அந்தக் கணக்குதான் அடித்தளம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

1. படகின் எடை. வீல் ஆட்டோபைலட்டில் இருப்பது சின்ன மோட்டார். உதாரணமாக, ரேமரைன் நிறுவனத்தின் இ.வி-100 வீல் மாடலுக்கு உச்ச வரம்பு 7,500 கிலோ. இது வெறும் படகின் எடை அல்ல. தண்ணீர், டீசல், நங்கூரம், சாப்பாடு, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு உள்ள எடை. படகின் விவரக் குறிப்பில் போட்டிருக்கும் எடையோடு 20 சதவீதம் கூட்டிப் பார்ப்பது நல்லது. அதாவது குறிப்பில் 6,500 கிலோ என்றிருந்தால், பயணத்தின்போது 7,800 கிலோ ஆகிவிடும். வரம்பைத் தாண்டிவிட்டது! அப்போது தளத்துக்கு அடியில் சுக்கானோடு நேரடியாக இணையும் வகைதான் சரி. விலை அதிகம், பொருத்துவதும் கஷ்டம். ஆனால் வலிமை அதிகம்.

சக்கரத்துக்குப் பதிலாக நீளமான கைப்பிடிக் கம்பு இருக்கும் சிறு படகுகளுக்கு 'டில்லர் பைலட்' என்ற வேறு வகை உண்டு.

2. ஸ்டியரிங்கின் ஆரோக்கியம். சக்கரத்தைத் திருப்பினால் சுக்கான் உடனே திரும்ப வேண்டும். இடையில் உள்ள இரும்புக் கயிறு தளர்ந்திருந்தாலோ, உருளைகள் இறுகியிருந்தாலோ ஆட்டோபைலட் திணறும். கையால் ஓட்டும்போது மனிதர் பழகிச் சமாளித்துவிடுவார், இயந்திரத்துக்கு அது தெரியாது.

ஸ்டியரிங் பழுது எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கும் தாரிணியே சாட்சி. 2017-18-ல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்த முதல் பயணத்தில், திரும்பும் வழியில் ஸ்டியரிங் கோளாறு ஏற்பட்டு, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குப் படகு போக வேண்டியிருந்தது.

3. பேட்டரி. அமைதியான கடலில் இந்த இயந்திரம் அதிகம் இழுக்காது. சராசரியாக 1.5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட 24 மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணி ஆகிறது. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில், அது கெடாமல் இருக்க பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதாவது 50. மீதமிருக்கும் 14-ல்தான் விளக்கு, ரேடியோ, ஜி.பி.எஸ் எல்லாம் ஓட வேண்டும். அலை பெரிதானால் இழுக்கும் மின்சாரமும் கூடும். எனவே சோலார் பேனல் இல்லாமல் நீண்ட பயணத்தில் இதை நம்புவது ரிஸ்க்.

பொருத்துவது எப்படி? படிப்படியாக

படி 1: அளவு எடுப்பது. சக்கரத்தின் விட்டம், ஸ்போக்குகளின் எண்ணிக்கை, சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி ஆகியவற்றை முதலில் அளக்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் மோட்டார் வளையம் உட்காராது.

படி 2: வளையத்தை மாட்டுவது. சக்கரத்தைக் கழற்றி, மோட்டார் வளையத்தை அதன் ஸ்போக்குகளில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். வளையத்தின் மையமும் சக்கரத்தின் மையமும் மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இறுகும், பெல்ட் சீக்கிரம் தேயும்.

படி 3: தடுப்பு ஊசி. ரொம்ப முக்கியமான, பலர் அலட்சியம் செய்யும் இடம் இது. வளையத்தின் உள்பகுதி சக்கரத்தோடு சுற்றும். வெளிப்பகுதி அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகத் தூணில் ஒரு உலோக ஊசியைப் பொருத்தி, வெளிப்பகுதியை அதில் மாட்டுவார்கள். அது உறுதியாக இல்லாவிட்டால் சக்கரம் திரும்பாது, மோட்டாரே சுற்றிக்கொள்ளும்! எனவே சாதாரண திருகு போதாது. போல்ட் போட்டு, பின்பக்கம் பட்டை வைத்து இறுக்க வேண்டும்.

படி 4: சென்சார். இது காந்த உணர்வு உள்ள கருவி. எனவே மோட்டார், ஸ்பீக்கர், சாதாரண திசைகாட்டி, மின்கம்பிக் கட்டு போன்றவற்றில் இருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். படகின் நடுப்பகுதியை ஒட்டிய, ஆட்டம் குறைவான இடம் நல்லது. அதன் மீதுள்ள அம்புக்குறி முன்பக்கம் நோக்கி, படகின் நீளவாட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். பொருத்தும்போது எல்லாம் சரியாக இருக்கும். பிறகு பக்கத்து அலமாரியில் யாராவது ஸ்பேனர் பெட்டியையோ, தகர டப்பா உணவையோ வைத்துவிட்டால் திசை கணக்கு குழம்பிவிடும். அந்த அலமாரியில் 'இரும்புப் பொருள் வைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டுவது புத்திசாலித்தனம்.

படி 5: வயரிங். கணினிப் பெட்டி தளத்துக்குக் கீழே, தண்ணீர் படாத இடத்தில் இருக்க வேண்டும். பேட்டரியில் இருந்து தனி பியூஸ் அல்லது பிரேக்கர் வழியாக மின்சாரம் வர வேண்டும். மெல்லிய கம்பி போட்டால் தூரம் போகப் போக வோல்ட்டேஜ் குறையும். கடல் அமைதியாக இருக்கும்போது தெரியாது. மோட்டார் முழு பலத்தைக் கேட்கும் நேரத்தில், அதாவது மோசமான வானிலையில், இயந்திரம் அணைந்துவிடும். வயருக்காகத் துளை போட்ட இடங்களை எல்லாம் நீர்புகாத பசையால் அடைக்க வேண்டும்.

படி 6: கிளட்ச். வளையத்தில் ஒரு லீவர் இருக்கும். அதைத் தள்ளினால் மோட்டார் சக்கரத்தோடு இணையும், எடுத்தால் விடுபடும். இணைத்த நிலையில் வழுக்கக் கூடாது, விடுவித்த நிலையில் உரசக் கூடாது. இதை இருட்டிலும், ஈரக் கையாலும் ஒரே அசைவில் விடுவிக்க முடிகிறதா என்று பலமுறை பழகிப் பார்க்க வேண்டும்.

கடலில் சோதனை

கரையில் கட்டியிருக்கும்போதே முதல் சோதனை தொடங்கும். படகின் வகை, மோட்டார் வகையைத் திரையில் தேர்வு செய்ய வேண்டும். பிறகு மோட்டார் சக்கரத்தைத் திருப்பும். 'சுக்கான் இடப்பக்கம் திரும்பியதா?' என்று திரை கேட்கும். சக்கரத்தை மட்டும் பார்க்காமல், சுக்கானே சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் இயந்திரம் வலம் போக வேண்டிய நேரத்தில் இடம் போகும்.

அடுத்தது திறந்த கடல். காற்று குறைவான நாளில், அருகில் வேறு படகுகள் இல்லாத இடத்தில், மெதுவாக முழு வட்டங்கள் அடிக்க வேண்டும். படகில் உள்ள இரும்பும் எஞ்சினும் திசைகாட்டியை எவ்வளவு ஏமாற்றுகின்றன என்பதை சென்சார் இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. திரையில் காட்டும் பிழை அதிகமாக இருந்தால் சென்சாரின் இடத்தை மாற்றியே ஆக வேண்டும். முதலில் எஞ்சினில் ஓட்டி, பிறகுதான் பாய் விரித்துச் சோதிக்க வேண்டும்.

படகு ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லாமல் பாயைச் சரிசெய்ய வேண்டும். பாய் சமநிலையில் இருந்தால் ஆட்டோபைலட் சும்மா தொட்டுக்கொடுக்கும் வேலையைத்தான் செய்யும். காற்று ஏறும்போது பாயைச் சீக்கிரம் சுருக்குவது மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஆயுளைக் கூட்டும்.

ஆபத்து எங்கே?

ஆட்டோபைலட்டுக்கு திசை தெரியும். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது.

2009 செப்டம்பர் 9-ம் தேதி அதிகாலை. ஆஸ்திரேலியாவின் 16 வயது ஜெசிகா வாட்சன், உலகைச் சுற்றும் பயணத்துக்குத் தயாராக சிட்னி நோக்கித் தனியாகப் படகில் போய்க்கொண்டிருந்தார். சிறிது நேரம் கண்ணயர்ந்தபோது, அவரது சிறிய படகு 'சில்வர் யாங்' என்ற பெரிய சரக்குக் கப்பலோடு மோதியது. பாய்மரம் முறிந்தது, அவர் உயிர் தப்பினார். விசாரணை நடத்திய ஆஸ்திரேலிய அமைப்பு, இரு தரப்பிலுமே சரியான கண்காணிப்பு இல்லை என்றது. ஜெசிகா படகைப் பழுதுபார்த்துக் கிளம்பி, 2010 மே மாதம் பயணத்தை முடித்தார்.

கடலில் மோதல் தடுப்பதற்கான 1972-ம் ஆண்டு சர்வதேச விதிகளில் 5-வது விதி, எல்லாக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஆட்டோபைலட் இருப்பதால் இதில் விலக்கு கிடையாது.

இன்னும் மூன்று ஆபத்துகள்:

- காற்று திரும்பினால்: இயந்திரம் திசையை மட்டும் பிடித்திருக்கும். பின்னால் இருந்து வீசும் காற்று சற்று மாறினால், பெரிய பாயைத் தாங்கும் கிடைமட்டக் கம்பம் மறுபக்கம் வேகமாக வீசி அடிக்கும். தலையில் பட்டால் உயிரே போகலாம். காற்றுமானி இணைத்து 'விண்ட் மோட்' போட்டால் இந்த ஆபத்து குறையும்.
- ஜி.பி.எஸ் புள்ளி: திரையில் குறித்த இடத்துக்கு இயந்திரம் நேர்கோட்டில் போகும். நடுவில் பாறையோ மிதவையோ இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.
- தவறி விழுந்தால்: இதுதான் மிகக் கொடியது. கையால் ஓட்டும் படகில், ஓட்டுபவர் விழுந்தால் படகு தடுமாறி நிற்க வாய்ப்பு உண்டு. ஆட்டோபைலட் ஓட்டும் படகு, விழுந்தவரை விட்டுவிட்டுக் கோடு போட்டது போலப் போய்க்கொண்டே இருக்கும். 5 நாட் வேகத்தில் ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். எந்த நீச்சல் வீரராலும் எட்டிப் பிடிக்க முடியாது.

அதனால்தான் தனியாகப் போகும் மாலுமிகள் பாதுகாப்புக் கயிறு கட்டாமல் தளத்தில் நடக்கக் கூடாது. உடன் வருபவர்கள் அனைவருக்கும், நீச்சல் தெரியாத விருந்தினர் உட்பட, ஸ்டாண்ட்பை பட்டன் எது, கிளட்ச் லீவர் எது என்று கிளம்பும் முன்பே காட்டிவிட வேண்டும். ஏனென்றால் விழுவது படகின் உரிமையாளராகவே இருக்கலாம்.

சுருக்கமாக

- முழுச் சுமையோடு எடையைக் கணக்கிட்டு வாங்குங்கள்.
- முதலில் ஸ்டியரிங்கைச் சரிசெய்யுங்கள், பிறகு இயந்திரத்தைப் பொருத்துங்கள்.
- தடுப்பு ஊசி, சென்சார் இடம், தடிமனான வயர்: இந்த மூன்றில் சமரசம் வேண்டாம்.
- கிளட்சை விடுவிக்க எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.
- ஆட்டோபைலட் ஓடும்போதும் ஒருவர் கண் கடல் மீதே இருக்கட்டும்.

வீல் ஆட்டோபைலட் கைக்கு ஓய்வு தரும், கண்ணுக்குத் தராது. இதைப் புரிந்துகொண்டு பொருத்துபவருக்கு அது அலுக்காத துணை.