2.4 பெரிதா, 1.6 பெரிதா?

2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பிலே ஒரு கணினிக் கடையில் இரண்டு மடிக்கணினிகள் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் விலைச்சீட்டில் 'பென்டியம் 4-எம், 2.4 கிகாஹேர்ட்ஸ்' என்றிருந்தது. மற்றதில் 'பென்டியம் எம், 1.6 கிகாஹேர்ட்ஸ்'. இரண்டாவதுக்கு விலை கூட. இரண்டுமே இன்டெல் நிறுவனத்தின் செயலிகள். "வேகம் கூட, விலை குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சேர்?" என்றார் கடை இளைஞர். நானும் யோசிக்கவில்லை. 2.4ஐ வாங்கிக்கொண்டு வந்தேன். எந்த எண்ணைக் கண்டாலும் அதை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்கும்படி இளம் நிருபர்களுக்குப் புத்தி சொல்லிவந்தவன், அன்று ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

அந்த எண்ணின் கதை 2000ஆம் ஆண்டு நவம்பரில், பென்டியம் 4 வெளிவந்ததோடு தொடங்குகிறது. அதற்கு முன்னரே, அதே ஆண்டு மார்ச்சில், 1 கிகாஹேர்ட்ஸ் எல்லையை ஏஎம்டி நிறுவனம் இன்டெலைச் சில நாட்களால் முந்திக்கொண்டு தொட்டுவிட்டது. கடிகார வேகமே செயலியின் தகுதி என்று உலகம் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் இன்டெலின் விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கடிகாரத்தை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு பென்டியம் 4 வடிவமைக்கப்பட்டது.

அது எப்படி என்பதைப் பத்திரிகைக்காரன் தன் தொழிலை வைத்தே விளக்கலாம். ஒரு செய்தி எழுதப்பட்டு, அச்சுக்கோக்கப்பட்டு, ஒப்புநோக்கப்பட்டு, பக்கமாகி, தகடாகி, இயந்திரத்துக்குப் போகிறது. இந்த வேலையை ஐந்து பேருக்குப் பதிலாக இருபது பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொருவரின் பங்கும் சிறிதாகிவிடும். வரிசை முன்னரைவிட வேகமாக நகரும். ஆனால் கடைசி நேரத்தில் தலைப்புச் செய்தி மாறினால்? வரிசையில் நிற்கும் அத்தனையும் குப்பைக்கூடைக்கு. செயலியும் அப்படித்தான். அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்தே அது வரிசையை நிரப்புகிறது. ஊகம் பிழைத்தால் வரிசையை வெறுமையாக்கி மீண்டும் தொடங்கவேண்டும். பென்டியம் 3இல் ஏறத்தாழ 10 படிகளாக இருந்த இந்த வரிசை பென்டியம் 4இல் 20 படிகளாயிற்று. கடிகாரம் வேகமாக ஓடியது; ஒவ்வொரு துடிப்பிலும் நடந்த வேலை குறைந்தது. 1.5 கிகாஹேர்ட்ஸில் வந்த முதற் பென்டியம் 4, பல சோதனைகளில் 1 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐத் தெளிவாக முந்த முடியாமல் திணறியதை அக்காலத்துக் கணினிச் சஞ்சிகைகள் எழுதின. ஆனால் வாங்குபவன் சோதனை அட்டவணையைப் படிப்பதில்லை. எண்ணைப் படிக்கிறான்.

மேசைக்கணினியில் இந்த விரயத்தைப் பெரிய விசிறி ஒன்றைப் பூட்டிச் சமாளிக்கலாம். மடியில் வைக்கும் கணினியில்? 2002ஆம் ஆண்டு மார்ச்சில் இதே வடிவமைப்பு பென்டியம் 4-எம் என்ற பெயரில் மடிக்கணினிக்குள் புகுந்தது. அதன் 2.4 கிகாஹேர்ட்ஸ் வகை ஏறத்தாழ 35 வாட் வெப்பத்தைக் கக்கக்கூடியது. சில உற்பத்தியாளர்கள் அதிலும் ஒருபடி மேலே போய், மேசைக்கணினிச் செயலியையே மடிக்கணினிக்குள் திணித்து 3 கிகாஹேர்ட்ஸ் என்று விற்றார்கள். அவற்றை மடியில் வைத்தவர்களை எண்ணி இன்றும் இரக்கப்படுகிறேன்.

இதே காலத்தில் இன்டெலின் வேறொரு மூலையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. இஸ்ரேலின் ஹைபா நகரிலுள்ள வடிவமைப்பு நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது. ஐபிஎம்மின் முதற் பீசீயில் இருந்த 8088 செயலியில் இந்த நிலையத்தின் உழைப்பு உண்டு. இங்குள்ளோர் 'டிம்னா' என்ற மலிவுச் செயலியை ஏறக்குறைய முடித்திருந்த வேளையில், 2000ஆம் ஆண்டில் நிறுவனம் அதைக் கைவிட்டது. அந்தச் செயலி நம்பியிருந்த ராம்பஸ் நினைவகத்தின் விலை எதிர்பார்த்தபடி இறங்காததே முக்கிய காரணம். உழைப்பெல்லாம் வீணாகிப்போன அதே குழுவிடம் மடிக்கணினிக்கென்றே ஒரு செயலியைச் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. அதன் உட்பெயர் 'பனியாஸ்'. கோலான் குன்றுகளில் உள்ள ஓர் ஊற்றின் பெயர் இது. கிரேக்கத் தெய்வமான பானின் பெயரால் 'பனேயாஸ்' என்று வழங்கிய இடம், 'ப' என்ற வல்லோசை இல்லாத அரபு மொழியில் இப்படித் திரிந்தது. 1967இல் சிரியாவிடமிருந்து கைப்பற்றப்பட்ட நிலம் அது. செயலியின் பெயரில்கூட அரசியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஹைபாக் குழு கடிகாரப் பந்தயத்தில் இறங்கவில்லை. பென்டியம் 3இன் பரம்பரையிலிருந்து குறுகிய வரிசையை எடுத்துக்கொண்டார்கள். ஊகிக்கும் பகுதியைச் செம்மையாக்கினார்கள். இரண்டு சிறு கட்டளைகளை ஒன்றாகக் கட்டி நகர்த்தும் உத்தியைச் சேர்த்தார்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் இரண்டாம் நிலை நினைவகத்தை, பென்டியம் 4-எம்மில் இருந்த 512 கிலோபைற்றிலிருந்து 1 மெகாபைற்றாக இரட்டிப்பாக்கினார்கள். அதில் தேவைப்படாத பகுதிகள் உறங்கும்படியும் செய்தார்கள். வேலையில்லாதபோது 1.6 கிகாஹேர்ட்ஸ் செயலி 600 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கி, மின்னழுத்தத்தையும் கூடவே குறைத்துக்கொள்ளும். மின்செலவு அழுத்தத்தின் இருமடியோடு ஏறி இறங்குவதால் உண்மையான சேமிப்பு இங்கேதான் கிடைத்தது. பென்டியம் 4-எம்மும் இறங்கும்; ஆனால் 1.2 கிகாஹேர்ட்ஸ் வரைதான்.

2003 மார்ச் 12ஆம் திகதி இது பென்டியம் எம் என்ற பெயரில் வெளிவந்தது. உச்ச வெப்பம் 24.5 வாட். 1.6 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் எம், அலுவலக வேலைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4-எம்மோடு தோளோடு தோள் நின்றது, பலவற்றில் முந்தியது. காணொளியைச் சுருக்குவது போன்ற, ஒரே சீராக ஓடும் வேலைகளில் மட்டும் பழையவனின் கை ஓங்கியிருந்தது. நல்ல மின்கலத்தோடு ஐந்து மணித்தியாலம் தாங்கும் மெல்லிய கணினிகள் பென்டியம் எம்மினால் சாத்தியமாயின.

இப்போது இன்டெலுக்கு ஒரு தர்மசங்கடம். பெரிய எண்ணே நல்லது என்று உலகத்துக்குக் கற்பித்தவர்கள், சிறிய எண் கொண்டதைக் கூடிய விலைக்கு விற்கவேண்டும். எனவே எண்ணைப் பின்னுக்குத் தள்ளி, 'சென்ட்ரினோ' என்ற பெயரை முன்னிறுத்தினார்கள். செயலி, துணைச்சில்லு, கம்பியில்லா இணைப்பட்டை ஆகிய மூன்றும் இன்டெலுடையதாக இருந்தால்தான் அந்த ஒட்டியை ஒட்டலாம். வேறொருவரின் கம்பியில்லா அட்டையைப் பூட்டிய கணினிக்கு, உள்ளே அதே பென்டியம் எம் இருந்தாலும் ஒட்டி கிடையாது. விவரம் அறிந்தவர்கள் இந்த ஒட்டியில்லாக் கணினிகளைத் தேடி வாங்கியதுண்டு. பென்டியம் 4-எம், மொபைல் பென்டியம் 4, பென்டியம் எம், மொபைல் செலரோன், 2004இல் இவற்றோடு செலரோன் எம் என எல்லாம் ஒரே சந்தையில் நின்றபோது, கடை இளைஞரைக் குறைசொல்லி என்ன பயன்?

என் தெரிவின் விலையை நான் அறிந்தது 2004 டிசம்பர் கடைசியில். ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்புப் பக்கம் ஒரு பாடசாலையில், காணாமற்போனோரின் பெயர்களைத் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. நாற்பதோ ஐம்பதோ பெயர்கள் ஆகியிருக்கும், திரை இருண்டது. மின்கலமும் ஒரு வருடம் பழசுதான். குற்றம் முழுவதையும் செயலியின் தலையில் கட்டமாட்டேன். ஆனால் அதே காலத்தில் வாங்கிய பென்டியம் எம் கணினியோடு என் பக்கத்து வாங்கில் இருந்த நண்பர் மாலைவரை எழுதிக்கொண்டிருந்தார். என் வரிசையில் காத்திருந்தவர்களின் பெயர்களைக் கொப்பித்தாளில் எழுதி, இரவு தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் சில பெயர்கள் பிழையாகப் பதிவாகின. மறுநாள் ஒரு தகப்பன் வந்து, தன் மகளின் பெயர் அப்படி அல்ல என்றார்.

இன்டெலுக்கும் அந்த ஆண்டு நல்லதாக அமையவில்லை. பெப்ரவரியில் வந்த புதிய பென்டியம் 4இன் வரிசை 31 படிகளாக நீண்டது. அதன் வேகமான வகைகளின் வெப்பம் 100 வாட்டைத் தாண்டியது. அதற்கு அடுத்து வரவேண்டிய 'டேஜாஸ்' மே மாதத்தில் கைவிடப்பட்டது. ஒக்டோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4உம் கைவிடப்பட, நிறுவனத்தின் தலைவர் கிரேக் பாரட் ஒரு மாநாட்டு மேடையில் பாதி விளையாட்டாக முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். இடையில் மே மாதத்திலேயே கடிகார வேகத்துக்குப் பதிலாக வகை எண்கள் வந்துவிட்டன. செலரோனுக்கு 300 வரிசை, பென்டியம் 4க்கு 500, பென்டியம் எம்முக்கு 700. இப்படியாக 1.7 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் எம் '735' ஆயிற்று, 3.6 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 '560' ஆயிற்று. மூன்றரை ஆண்டுகளாக உலகத்துக்குச் சொல்லிவந்ததற்கு இதைவிடத் தெளிவான திருத்தம் வெளியிட முடியாது. எங்கள் பத்திரிகைகளில் திருத்தத்தை உட்பக்க மூலையில் போடுவோம்; அவர்கள் பெட்டியிலேயே அச்சிட்டார்கள்.

2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தபோது, ஸ்டீவ் ஜொப்ஸ் காட்டிய காரணம் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் செயற்றிறன். 2006இல் வந்த கோர் டுவோவும் கோர் 2வும் ஹைபாக் குழுவின் பிள்ளைகளே. பென்டியம் 4இன் வடிவமைப்பு அத்தோடு ஓரங்கட்டப்பட்டது.

பிற்காலத்தில் பென்டியம் எம்முக்கும் ஒரு சோதனை வந்தது. பெரிய நினைவகத்தைக் கையாள உதவும் 'பிஏஈ' என்ற வசதி அதன் முற்பட்ட வகைகளில் உள்ளே இருந்தும், இருப்பதாக அவை அறிவிப்பதில்லை. 2012இல் வந்த உபுண்டு 12.10 அந்த அறிவிப்பைக் கட்டாயமாக எதிர்பார்த்தது. ஆகவே நண்பரின் கணினி நிறுவமுடியாது என்று மறுத்தது, என்னுடையது ஏற்றுக்கொண்டது. அவருக்கு அது பெரிய மனத்தாங்கல். 2014இல் வந்த பதிப்பில், இருக்கும் வசதியைப் பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்தும் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்றானது. அந்தச் சொல்லைத் தட்டிவிட்டு, இயங்குகிறது என்று சொல்ல அவர் நள்ளிரவில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.