கல்லூரி விளம்பரப் படங்கள்: ஹாம்ப்டன் முதல் விஸ்கான்சின் வரை

எந்தக் கல்லூரியின் பிராஸ்பெக்டஸைப் புரட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே படங்கள்தான். மரத்தடியில் சிரிக்கும் நான்கு பேர், கம்ப்யூட்டர் லேபில் திரையையே பார்க்கும் பத்துப் பேர், வெள்ளைக் கோட்டில் சோதனைக் குழாயோடு ஒருவர்... இதெல்லாம் நேற்று வந்த பழக்கம் என்று நினைத்தால் தவறு. கல்லூரி விளம்பரப் படத்துக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு!

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1868இல் தொடங்கப்பட்டது ஹாம்ப்டன் கல்வி நிலையம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கருப்பின மக்களுக்குப் படிப்பும் கைத்தொழிலும் கற்றுத்தர வந்த நிறுவனம். 1878 முதல் செவ்விந்திய மாணவர்களும் அங்கே படித்தார்கள். ஹாம்ப்டன் பெரிதும் நம்பியிருந்தது வட மாநில வெள்ளையர்களின் நன்கொடையை. பணம் கொடுப்பவர்களுக்குப் பலனைக் காட்டியாக வேண்டுமே!

1900இல் பாரிஸில் உலகக் கண்காட்சி. அதில் அமெரிக்கக் கருப்பின மக்களின் முன்னேற்றத்தைக் காட்ட ஒரு தனிப் பிரிவு. அதற்காக ஹாம்ப்டன் நிர்வாகம் ஃபிரான்ஸஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற புகைப்படக் கலைஞரை அழைத்தது. 1899 டிசம்பரில் வந்த அவர் சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்.

அவருடைய முறை இன்றைக்கும் பாடமாக இருக்கும். முகத்தை மட்டும் எடுக்காமல் வேலையை எடுத்தார். ஒரு படத்தில் மாணவர்கள் வீட்டு மாடிப்படி கட்டுகிறார்கள். ஆளுக்கொரு நிலையில், கையில் கருவியோடு, சிலை போல நிற்கிறார்கள். அந்தக் காலத்து கேமராவுக்கு அசையாமல் நின்றாக வேண்டும் என்பது ஒரு காரணம். ஒவ்வொருவரையும் யோசித்து நிறுத்தியிருக்கிறார் என்பது இன்னொன்று. அடுத்து, ஜோடிப் படங்கள். ஒன்றில் பழைய குடிசையில் சாப்பிடும் முதிய தம்பதி. மற்றொன்றில் ஹாம்ப்டனில் படித்தவரின் வீடு, அழகான சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பம். ‘முன்பு, பின்பு’ என்று இன்று விளம்பரங்களில் வருகிறதே, அதே உத்திதான். பாரிஸில் அந்தப் படங்களுக்குப் பரிசும் கிடைத்தது.

ஆனால் கம்பெனி ஆண்டறிக்கையைப் படிப்பவர்கள், அதில் இல்லாததையும் தேடிப் பார்க்க வேண்டும் அல்லவா? இன அடிப்படையில் மக்களைப் பிரித்து வைப்பது செல்லும் என்று 1896இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த நிழல் எதுவும் இந்தப் படங்களில் விழவில்லை. இன்னொரு படம் ‘அமெரிக்க வரலாற்று வகுப்பு’. அதில் செவ்விந்தியர் ஒருவர் தன் இனத்தின் உடையில் நிற்கிறார். சீருடை அணிந்த மாணவர்கள் சுற்றி நின்று அவரைப் பார்க்கிறார்கள். வகுப்பறையிலேயே ஒரு மனிதர் காட்சிப் பொருளாகிவிட்டார்.

சரி, அது பழைய காலம் என்று விட்டுவிடலாமா? அங்கிருந்து நூறு ஆண்டு தாண்டி வருவோம்.

2000ஆம் ஆண்டு. மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பக் கையேட்டுக்கு அட்டைப்படம் தேடியது. எல்லா இனத்தவரும் சேர்ந்திருக்கும் படம் வேண்டும். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அங்கே கருப்பின மாணவர்கள் மிகக் குறைவு. உடனே என்ன செய்தார்கள்? 1993இல் எடுத்த கால்பந்து ரசிகர் கூட்டத்தின் படத்தில், 1994இல் எடுத்த ஒரு கருப்பின மாணவரின் முகத்தைக் கணினியில் ஒட்டிவிட்டார்கள்! அந்த மாணவர் அந்த ஆட்டத்துக்குப் போகவே இல்லை. சுமார் 1 லட்சம் பிரதிகள் அச்சான பிறகு, மாணவர் பத்திரிகை ஒன்று விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. வழக்குப் போட்ட அந்த மாணவர் தனக்கென்று பணம் கேட்கவில்லை. சிறுபான்மை மாணவர்களைச் சேர்க்கும் பணிக்கு நிதி ஒதுக்கச் சொன்னார். அட்டையில் காட்டியதை வளாகத்திலும் செய்து காட்டுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

இரண்டு கதைகளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜான்ஸ்டன் ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்தார். ஆனாலும் அந்த மாணவர்கள் அங்கே படித்தவர்கள். மாடிப்படி கட்டும் தொழிலை உண்மையிலேயே கற்றவர்கள். அதனால்தான் 1966இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அந்த ஆல்பத்திலிருந்து 44 படங்களைப் புத்தகமாக வெளியிட்டது; 2019இல் முழு ஆல்பமும் அச்சானது. விஸ்கான்சின் அட்டையோ போலிக்கு உதாரணமாக மட்டுமே நினைவில் நிற்கிறது.

கல்லூரிக்குப் படம் எடுப்பவர்கள் வெளிச்சம், கோணம் எல்லாம் பார்க்கட்டும். அதோடு, படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். நடக்கிற வேலையை எடுக்கட்டும். இல்லாததை ஒட்டாமல் இருக்கட்டும். அட்டையை நம்பிச் சேரும் மாணவர் முதல் நாளே கேட்டைத் தாண்டி உள்ளே வந்து பார்க்கத்தானே போகிறார்!