புகழ் யாருடைய உடைமை?

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூர்ப் பக்கம் எழுந்து நிற்பது பச்சைமலை. அதற்கு மேற்கே கொல்லிமலை. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இரண்டிலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். ஆயினும், கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்டது கொல்லிமலை. சங்கப் புலவர்கள் அவனையும் அவன் மலையையும் பாடினர். ஆகவே தமிழ் கற்றோர் அனைவரும் கொல்லியை அறிவர். பச்சைமலைக்கு அத்துணைப் பேர் கிடைக்கவில்லை. அதனால் அதன் பசுமை ஓர் இலையளவும் குறைந்துவிடவில்லை. கொல்லியின் புகழ் பாடியவரின் நாவிலே பிறந்தது.

மலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்துமா? இதனை ஆராயத் திருச்சி நகரமே நமக்கு நல்ல பாடசாலையாக அமைந்திருக்கிறது. அங்குள்ள நத்தர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவில் இறைநேசர் ஒருவரும், கர்நாடக நவாப் ஒருவரும், அந்த நவாபின் பெரும்பகைவர் ஒருவரும் அடங்கியிருக்கின்றனர். மூவரும் பெயர் பெற்றவர்களே. ஆனால் மூவரின் பெயரும் ஒரே வகையில் பெற்றவை அல்ல.

அரபு மொழியில் ‘ஜாஹ்’ என்றொரு சொல் உண்டு. செல்வாக்கு, மதிப்பு, பெருநிலை என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில் ஜாஹையும் ரியா என்னும் முகத்துதியையும் கண்டிப்பதற்கென்றே ஒரு தனிப் பாகம் வகுத்திருக்கிறார்கள். பொருள்களை உடைமையாக்கிக் கொள்வது செல்வம். மனித உள்ளங்களை உடைமையாக்கிக் கொள்வது ஜாஹ் என்பது அவர்களின் விளக்கம். இமாமவர்கள் இதனை ஏட்டளவில் மட்டும் எழுதியவர்கள் அல்லர். பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியராகப் புகழின் உச்சியில் இருந்தபோது, தமது போதனையின் நோக்கமே பெயர் தேடுவதாக இருக்கிறதென்று தம் உள்ளத்தைத் தாமே விசாரணை செய்து, ஹிஜ்ரி 488இல், அதாவது கி.பி. 1095இல், அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள்.

இந்த ஜாஹ் என்னும் சொல்லைத் தம் பட்டத்திலேயே சுமந்தவர் நவாப் முஹம்மது அலி வாலாஜா. வாலா என்பது பாரசீகத்தில் உயர்ந்தது; வாலாஜாஹ் என்றால் உயர்ந்த பெருநிலை உடையவர். மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் அளித்த பட்டம் அது.

அவர் வாழ்வு எளிதாகத் தொடங்கவில்லை. தந்தை நவாப் அன்வருத்தீன் கான் 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தபோது, மகன் திருச்சிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் 1751இல் வந்து முற்றுகையிட்டனர். கிளைவ் ஆர்க்காட்டைக் கைப்பற்றியதும், தஞ்சையும் மைசூரும் நவாபுக்குத் துணை வந்ததும் போரின் போக்கை மாற்றின. திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கிய பிரெஞ்சுப் படை 1752 ஜூன் மாதத்தில் சரணடைந்தது. தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபு தலை கொய்யப்பட்டார்.

பின்னர் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக வாலாஜா நவாபாக வீற்றிருந்தார். 1768இல் சென்னைச் சேப்பாக்கத்தில் மாளிகை எழுந்தது. ஜார்ஜ் வில்லிசன் முதலிய ஐரோப்பிய ஓவியர்கள் அவர் உருவத்தைத் தீட்டினர். தம் மரபின் பெருமையைப் பாரசீகத்தில் எழுதச் செய்தார். அதுவே துஸுகே வாலாஜாஹி. அவர் கொடையிலும் குறைந்தவர் அல்லர், ஆலிம்களை ஆதரித்தவர். ஆயினும் போர்ச் செலவும் அரண்மனைச் செலவும் பெருகின. ஆங்கிலேயக் கம்பெனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தனர். நாட்டின் வருவாய் அவர்கள் கையில் அடகாயிற்று. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இலண்டன் நாடாளுமன்றத்தில் நெடியதோர் உரை ஆற்றினார். கடன் கொடுத்தோரின் சூழ்ச்சிகளைச் சாடிய அவ்வுரை ‘ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்’ என்ற தலைப்பிலேயே அச்சாகி உலகெங்கும் பரவியது. அன்று முதல் ஆங்கில நூல்களில் நவாபின் பெயரோடு கடன் என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவர் பொன்னை வாரி இறைத்தாரோ, அந்தப் பெயரை விளக்கும் உரிமை பிறர் கைக்குப் போய்விட்டது!

பகைவரான சந்தா சாகிபின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. திருச்சியிலிருந்து ஆண்ட நாயக்க அரசி மீனாட்சிக்குத் திருக்குர்ஆன் மீது ஆணையிட்டு வாக்களித்து, பின்பு அவ்வாக்கை மீறி நாட்டைக் கவர்ந்தார் என்பதே அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் செய்தி. அவர் வென்ற போர்களை நினைப்பார் இல்லை. முறிந்த வாக்கு ஒன்றே அவர் வரலாறாயிற்று.

1795இல் வாலாஜா சென்னையில் காலமானார். அவருடைய உடல் பின்னர் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு நத்தர் வலி (ரஹ்) அவர்களின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டது. மாளிகை கட்டிய மன்னர் ஒரு பக்கீரின் நிழலை நாடியது ஏன்? உள்ளங்களை ஆள்வதே ஜாஹ் என்றால், அது எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

நத்தர் வலி (ரஹ்) அவர்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவது இது: அவர்கள் அரச குலத்தில் பிறந்து, ஆட்சியைத் துறந்து, சீடர்களோடு தென்னகம் வந்து, பதினோராம் நூற்றாண்டில் இங்கே மறைந்தார்கள். மக்கள் அவர்களுக்கு இட்ட பெயர் ‘தப்லே ஆலம் பாதுஷா’. தப்ல் என்றால் முரசு, ஆலம் என்றால் உலகம். முரசு தானே முழங்குவதில்லை. அறைவதற்கு வேறொரு கை வேண்டும். அவர்களோ கல்வெட்டு வைக்கவில்லை. சரிதம் எழுதச் சொல்லவில்லை. வாலாஜா காலத்துப் பாரசீக நூல்கள் இவ்வூரையே நத்தர்நகர் என்று குறித்தன. அரசு தந்த அந்தப் பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. அரசு தராத அன்போ நிலைத்துவிட்டது. எல்லாச் சமயத்தாரும் இன்றும் அங்கே வருகின்றனர்.

வாலாஜாவின் ஆதரவில் சென்னைக்கு வந்த ஒரு மேதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். நமது மதரஸாக்களின் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த லக்னோ முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மைந்தர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களே அவர். 1810இல் மறைந்த அவர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். அவ்வழியே நடப்போரில் பலர் அவர்களை அறியார். ஆனால் உஸூலுல் ஃபிக்ஹு கலையில் அவர்கள் எழுதிய ஃபவாத்திஹுர் ரஹமூத், எகிப்தின் பூலாக் அச்சகத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் முஸ்தஸ்ஃபாவுடன் சேர்ந்தே அச்சேறியது. தெருவில் பெயரில்லை, பாடம் நடக்கும் இடமெல்லாம் பெயர் இருக்கிறது.

அப்படியாயின் புகழை வெறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வள்ளுவர் ஈகையை அடுத்தே புகழ் அதிகாரத்தை வைத்தார். கொடுப்பவனைத் தேடி அது வரும் என்பது கருத்து. பிற்காலத்தாரிடையே தமக்கு நற்பெயர் நிலைக்க வேண்டும் என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைஞ்சியதைத் திருமறையின் ஷுஅரா அத்தியாயம் கூறுகிறது. அந்த நபி அதை மக்களிடம் கேட்கவில்லை, அல்லாஹ்விடம் கேட்டார்கள். தேடாமல் வரும் புகழைக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் பழிக்கவில்லை. அதைத் தேடி அலையும் உள்ளத்தையே பழித்தார்கள். வீரன் என்று சொல்லப்படுவதற்காகப் போரிட்டவரும், ஆலிம் என்று சொல்லப்படுவதற்காகக் கற்றவரும், வள்ளல் என்று சொல்லப்படுவதற்காகக் கொடுத்தவரும் மறுமையில் வெறுங்கையராய் நிற்பர் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழி எச்சரிக்கிறது. அவர்கள் கேட்ட கூலி இங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

இன்று நம் இல்லங்களில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. வக்ஃபு நிலத்துக்குக் கல்வெட்டு வேண்டும். அது சொத்தைக் காக்கும். பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில் கொடுத்தவர் பெயர் எதைக் காக்கிறது? ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவிவிட்டு, அவள் தந்தை கூனி நிற்க மேடையில் படம் எடுத்துக்கொண்டால், நாம் வாங்கியது நம் பெயரை. விலையாகக் கொடுத்தது அவருடைய மானத்தை. பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது பெயர் எடுக்கும் வழியை அன்று. பெயரில்லாமலும் நன்மை செய்யும் மனவலிமையை. நம்மைப் பற்றிப் பிறர் என்ன சொல்வார் என்பது நம் கையில் இல்லை. அவர்கள் சொல்வதற்குரிய உண்மையை வாழ்ந்து வைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.