பட்டறையிலிருந்து வந்த முதல்வர்

கோவை மாநகரில் அவிநாசி சாலை வழியே பேருந்திற் செல்வோர் பீளமேட்டுப் பகுதியில் 'ஹோப் காலேஜ்' என்று நடத்துநர் கூவக் கேட்டிருப்பர். தலைநகரில் வாழும் நம்மவருள் கொங்கு நாட்டிலிருந்து வந்தோர்க்கு இப்பெயர் நன்கு பழகியதே. ஆயினும் யார் அந்த ஹோப், எந்தக் கல்லூரி அது என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. பள்ளிப் படிப்பையே முடிக்காத ஒருவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வராய் அமர்ந்த வரலாறு அப்பெயருக்குப் பின்னே இருக்கின்றது. 'பையனை என்ன படிக்க வைப்பது?' என்ற கவலை நம் காலனியில் வீட்டுக்கு வீடு நிலவுவதால், அவ்வரலாற்றை இம்மலரில் எழுதலானேன்.

ஜி. டி. நாயுடு அவர்கள் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை; தொடக்க நிலையிலேயே அதற்கு விடைகொடுத்துவிட்டார். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டு அதன்மேல் தீராத ஆசை கொண்டார். கோவைக்கு வந்து உணவு விடுதியொன்றில் வேலை செய்து, காசு காசாகச் சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். பின்னர்த் தாமே பூட்டினார். அவர் பயின்ற பொறியியற் கல்லூரி அதுதான் என்றால் மிகையாகாது.

1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபரின் உதவியால் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒற்றை வண்டியே பின்னாளில் யு. எம். எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாய் வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து நம் நாட்டிலேயே மின்சார மோட்டாரை உருவாக்கினர். கோவையின் மோட்டார், பம்பு தொழில்கள் அடைந்த ஏற்றத்தை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகையவர்தாம் 1945-இல் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். தமது தொழிற்பேட்டையிலேயே தற்காலிகக் கொட்டகைகள் அமைத்து, அவற்றில் அக்கல்லூரியை நடத்தினார். அந்நாளில் சென்னை மாகாணக் கவர்னராயிருந்த ஸர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. கொடுத்தவர் ஒருவர், பெயர் மற்றொருவருடையது. அக்கால வழக்கம் அது! கல்லூரியின் முதல்வர் பொறுப்பை நாயுடுவே ஏற்றார்.

சிக்கல் விரைவிலேயே எழுந்தது. நான்காண்டுப் படிப்பு மாணவர்தம் காலத்தை வீணாக்குவது என்றும், இன்னும் பல பாடங்களைச் சேர்த்தாலும் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் அவர் வாதிட்டார். அரசாங்கம் இதற்கு இணங்கவில்லை. முதல்வர் பதவியைத் துறந்து வெளியேறினார் நாயுடு.

இதில் யார் பக்கம் நியாயம்? நாயுடுவைப் போற்றுவோர் பலரும் அரசாங்கத்தைக் குறைகூறுவதோடு நின்றுவிடுகின்றனர். எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. தாமே கழற்றித் தாமே பூட்டிக் கற்றவர் அவர். அந்த வேகம் அவருக்கு இயல்பு. ஆனால் அணை கட்டுவோனும் பாலம் கட்டுவோனும் தம் வேலையைக் கழற்றிப் பார்த்துப் பழக இயலாது. அவர்களுக்குக் கணக்கு வேண்டும், அக்கணக்குக்குக் காலமும் வேண்டும். இவ்வளவில் அரசாங்கத்தார் சொன்னதை ஒப்பலாம். எனினும், பட்டறையில் கால் வையாமலே பட்டம் பெறும் இளைஞரைப் பார்க்கும்போதெல்லாம் நாயுடுவின் கோபம் என் நினைவுக்கு வருகின்றது. ஆண்டுக் கணக்கில் அவர் பிழைத்திருக்கலாம். அந்த ஆண்டுகளில் கைக்கு வேலை கொடுங்கள் என்ற கருத்தில் அவர் பிழைக்கவில்லை.

கைத்தொழில் வல்லவர் ஆசிரியராவதில் வேறொரு தொல்லையும் உண்டு. நான் மெட்ரிக் தேறி ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்தவன்; தொழிற் பயிலுநர்களின் கோப்புகள் சில காலம் என் மேசைக்கு வந்தன. அப்போது டீசல் லோகோ பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த பிட்டர் ஒருவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். இரும்புத் துண்டின்மேல் அரம் ஓடும் ஓசையைக் கேட்டே, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். முதல் நாள் கரும்பலகை முன் நின்றவர் வாய் திறக்கவில்லை. கைக்குத் தெரிந்தது நாவுக்கு வரவில்லை! இரண்டாம் நாள் பையன்களைத் தம்மைச் சுற்றி நிறுத்தி, "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்று சொல்லி அரத்தை ஓட்டினார். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். அன்றுதான் அவர் ஆசிரியரானார். மதிய உணவு வேளையில் அவரே இதனை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜெர்மானியர் இத்தொல்லையை முன்னரே உணர்ந்திருந்தனர். கைவினைத் தொழில்களில் மாணாக்கரைப் பயிற்றும் உரிமை, 'மைஸ்டர்' எனும் தலைமைத் தொழிலாளர் தேர்வில் தேறியவர்க்கே உரியது என்று 1908-இல் அங்கே சட்டம் வகுத்தனர். முதலில் தொழிலாளி, பிறகு தேர்வு, அதன் பின்னரே ஆசான்.

நம் தில்லியிலும், நாயுடுவின் கல்லூரி தோன்றிய அதே 1945-இல், ஜூலைத் திங்களில் ஓர் அலுவலகம் பிறந்தது. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வேலையும் பயிற்சியும் தேடித்தர மத்திய அரசாங்கம் நிறுவிய மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்குநரகம் அது. பயிற்சி என்றதும் 'யார் பயிற்றுவது?' என்ற வினா எழுமன்றோ? தொழில் தெரிந்தோர்க்குக் கற்பிக்கும் முறையைக் கற்பிக்க, 1948-இல் மத்தியப் பிரதேசத்துப் பிலாஸ்பூரை அடுத்த கோனியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. (இன்று அவ்வூர் சத்தீஸ்கரில் உள்ளது.) 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. நாம் ஐ.டி.ஐ. என்றழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அத்திட்டத்தின் வழிவந்தவையே. நிஜாமுதீன் பக்கம் அரப் கி சராயிலும், பூசாவிலும் அவை இருப்பதை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? நானும் என் மகனுக்காக விண்ணப்பம் வாங்கச் சென்றபோதுதான் முதன்முதல் பூசா நிலையத்தின் வாயிலை மிதித்தேன். அதுவரை அவ்வழியே பேருந்தில் போனதோடு சரி. வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை என்பதையும் மறைப்பானேன்!

நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். அவர் கொட்டகையில் தொடங்கிய கல்லூரி 1950-இலேயே தடாகம் சாலைக்குக் குடிபெயர்ந்து, இப்போது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கின்றது. அங்கே பொறியியற் பட்டப் படிப்பு இன்றும் நான்காண்டுதான். பழைய இடத்தில் பேருந்து நிற்கும்போது மட்டும் நடத்துநர் 'ஹோப் காலேஜ்' என்று இன்னமும் கூவுகின்றார்.