சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938

சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் என்பது, உழவர்களின் பழைய கடன்களைக் குறைத்து, அடைமானம் வைத்த நிலம் ஏலத்திற்குப் போகாமல் காக்கும் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டமாகும். 1938 ஆம் ஆண்டின் 4 ஆவது சட்டமான இது, இராசகோபாலாச்சாரி தலைமையிலான காங்கிரசு அமைச்சரவையால் கொண்டுவரப்பட்டு, 1938 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை பெரிதும் சரிந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் வாங்கிய கடனோ பத்திரத்தில் எழுதியபடியே நின்றது. வட்டி கட்ட இயலாதோர் மீது டிக்கிரி பெற்று, நிலத்தை ஏலத்தில் எடுப்பது பெருகியது. 1936 ஆம் ஆண்டின் கடன் சமரசச் சட்டம் வாரியங்கள் வழியே பேசித் தீர்க்க முயன்றது. ஆயினும் கடன் கொடுத்தோரின் உடன்பாடு இன்றி அதனால் பயன் விளையவில்லை. 1938 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுடன்பாட்டை வேண்டவில்லை என்பதே அதன் தனித்தன்மை.

கடன் குறைப்பு முறை

1932 அக்டோபர் 1 க்கு முன் பெற்ற கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசலாகவோ வட்டியாகவோ அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே முடிந்துவிடும். எடுத்துக்காட்டாக, 1,000 ரூபாய் கடனுக்கு வட்டியாக மட்டும் 1,500 ரூபாய் கட்டியவர், இருமடங்கிற்குக் குறையும் 500 ரூபாயைச் செலுத்தினால் போதும். அதற்குப் பிந்திய கடன்களுக்கு, சட்டம் தொடங்கிய நாள் வரை ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியே கணக்கிடப்பட்டது.

டிக்கிரி ஆன பின்னரும் வழி இருந்தது. கடனாளி நிறைவேற்றத்தை நிறுத்திவைக்குமாறு நீதிமன்றத்தில் மனுச் செய்து, பின் 60 நாட்களுக்குள் டிக்கிரித் தொகையைக் குறைக்க விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் ஏல நடவடிக்கை தொடரும்.

அரசுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சேர வேண்டிய கடன்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. வட்டி விகிதம் குறிக்காத ஒத்தியும் (நிலத்தின் விளைச்சலையே வட்டிக்கு ஈடாக அனுபவிப்பது) முதலில் விலக்கப்பட்டிருந்தது. நிலம் ஏற்கெனவே கைமாறிப்போன உழவரே பெரும்பாலும் ஒத்தியில் சிக்கியவர் ஆதலால் இது பெருங்குறையாகும். 1948 ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சரிசெய்தது. ஒத்திதாரர் 30 ஆண்டுகள் நிலத்தை அனுபவித்திருந்தால் ஒத்திக்கடன் முற்றிலும் தீர்ந்ததாகும் என அது வகுத்தது.

கடன் கொடுத்தோர் சட்டத்தை எதிர்த்தனர். சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமிக் கவுண்டன் வழக்கில், டிக்கிரியாகிவிட்ட பிராமிசரி நோட்டுக் கடனுக்கு இச்சட்டம் செல்லும் எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1940 இல் தீர்ப்பளித்தது.

செட்டிநாடும் பர்மாவும்

கானாடுகாத்தான், காரைக்குடி முதலிய ஊர்கள் (அன்று இராமநாதபுரம் மாவட்டம், இன்று சிவகங்கை மாவட்டம்) நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித்தொழிலுக்குத் தாயகம். எனினும் அவர்களின் முதலில் பெரும்பகுதி பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் இருந்தது. ஆகவே இச்சட்டம் அவர்களைத் தொட்டதைவிட, இத்தகைய சட்டம் பர்மாவில் உரிய காலத்தில் இல்லாமற்போனதே அவர்களைப் பெரிதும் பாதித்தது எனலாம்.

பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தாரிடம் இருந்த நிலம், 1930 இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்து 1938 இல் 25 விழுக்காடானது. அவர்கள் தேடியது பணமே, நிலமன்று. வாய்தா கொடுத்தும் கடன் திரும்பாத நிலையில் அடைமான நிலமே கையில் வந்து சேர்ந்தது. நிலமிழந்த பர்மிய உழவர் குத்தகைக்காரரானார்; நகரத்தார் மீது பகையும் மூண்டது. 1942 இல் சப்பானியப் படையெடுப்பின்போது நகரத்தாரில் பலர் பர்மாவை விட்டு வெளியேறினர். விடுதலைக்குப்பின் 1948 இல் இயற்றப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டத்தால் அந்நிலங்களும் அவர்கள் கையை விட்டுப் போயின.